மாமா விறகு ஏற்றிய நீராவிப் படகு

எங்கள் வகுப்பை ஒருமுறை ஒன்ராறியோ ஏரியில் பழைய நீராவிப் படகொன்றில் கூட்டிப்போனார்கள். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் குடியேற வந்தவர்கள் எழுதிவைத்த பயணக் கதைகளை ரீச்சர் முதலே வாசித்துக் காட்டியிருந்தார். புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி பயணிகளின் தொப்பியில் ஓட்டை போடுமாம். வசதி குறைந்தவர்கள் வழியில் இறங்கிப் படகுக்கு விறகு ஏற்ற வேண்டுமாம்.

வீட்டுப் பெரியவர் ஒருவரும் வரலாம் என்றார்கள். அம்மாவுக்கு வேலை, அதனால் மாமா வந்தார். அவர் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்து சில மாதம்தான். அகதி விசாரணைக்குக் காத்திருந்தார். ஏன் நாட்டை விட்டு வந்தீர் என்ற கேள்விக்குக் குளியலறைக்குள் நின்று பதில் சொல்லிப் பழகுவார். தன் தம்பியை, என் சின்ன மாமாவை, பிடித்துக்கொண்டுபோன இடம் வந்ததும் குரல் நின்றுவிடும். விசாரணையிலும் இப்படி நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்பது அம்மாவின் பயம்.

படகுக்கு மாமா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் என்றாலும் அரசாங்கம்தானே என்றார்.

நடு ஏரியில், தங்கப் பொத்தான் வைத்த கோட்டுடன் கப்பல் தலைவர் வேடம் போட்ட ஒருவர் வந்தார். எங்களைக் குடியேற வந்தவர்களாகப் பாவித்து, ஏன் வந்தீர்கள், என்ன வேலை தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிள்ளைகள் கரடி சுடுவோம் என்றார்கள். மாமாவின் முறை வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"மாமா, உது நடிப்பு," என்று காதுக்குள் சொன்னேன்.

"அரசாங்க ஆக்கள் உப்பிடித்தான் சிரிச்சுக் கதைச்சு வாயைப் பிடுங்குவினம், பிள்ளை. நான் சொல்லுறதை நீ இங்கிலீசில சொல்லு."

பிறகு தமிழில் தொடங்கினார். வீடு, ஷெல், தம்பி, காடு, கொழும்பு என்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே பேச்சு வராது. விறகு சுமப்பாராம் என்றேன்.

வழியில் ஒரு தீவில் படகை நிறுத்திக் கட்டியதும், படம் எடுப்பதற்காகக் கரையில் அடுக்கியிருந்த விறகைத் தலைவர் காட்டினார். மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டை தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாமா ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு முழுவதையும் ஏற்றினார். படகு உண்மையில் டீசலில் ஓடுகிறது, வைக்க இடமில்லை என்று பணியாள் கெஞ்சினான். தலைவர் கை குலுக்கினார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"இந்த நாட்டில நிக்கலாமாம்," என்றேன்.

அன்று எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் கிடைத்தது.

வீட்டில் அம்மா கதையைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாம் நாடகம் என்று மாமாவுக்கு விளக்கினார். மாமா வெட்கப்படுவார் என்று பார்த்தேன்.

"நாடகமெண்டாலும் முழுக்கச் சொல்லிப்போட்டன், அக்கா," என்றார். "தம்பியின்ர கதையையும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. மாமாவின் சேட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டத் தொடங்கினார். தூள் எல்லாம் போன பிறகும் தட்டிக்கொண்டே நின்றார். இன்னும் என்னத்தைத் தட்டுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.