டிரைவிங் ஸ்கூல் அக்காவின் கையெழுத்து

“இறங்குங்க. வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்து ஏறுங்க” என்கிறார் டிரைவிங் ஸ்கூல் அக்கா. கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கும் எல்லோருக்கும் இதே தண்டனைதான். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கிளம்பிய நான், அந்த வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றியே ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்துவிட்டேன்.

பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே வருவார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிக்கும்படி ஆகிவிட்டால், அன்றைக்கு முழுக்க நமக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் அவருக்குப் பொறுமை அதிகம். எல்லாம் தெரியும் என்று மிதப்பாக ஏறுகிறவர்களைக் கண்டால்தான் வாய் சும்மா இருக்காது. “முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறேன்மா” என்றார் ஒருவர். “முப்பது வருஷமாவா பின்னாடி பாக்காம ஓட்டுறீங்க?” என்று கேட்டு, அவரையும் இறக்கிவிட்டார்.

அந்தக் காரை வாங்கிக் கொடுத்தது அவருடைய அண்ணன். அக்காவின் கணவர் இறந்தபோது, “நீ யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது” என்று சாவியைக் கொடுத்தவர். மூன்று முறை நகராட்சித் தலைவராக இருந்தவர். அண்ணன் என்றால் அக்காவுக்கு உயிர். மூன்று முறையும் அவருடைய வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது அக்காதான்.

போன மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறியது. பாதையை மூடச் சொன்னவர்களிடம், “நான் பாக்காத மழையா?” என்றார் அண்ணன். ஒரு வேன் போய் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த ஆறு பேரும் கூரைமேல் ஏறித்தான் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு மருந்துக்கடை அம்மாள் தன் கடை பெஞ்சை ரோட்டின் குறுக்கே இழுத்துப் போட்டு, வந்தவர்கள் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மழையிலேயே நின்றார். இந்தத் தேர்தலில் அவரும் தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

நேற்று நான் வகுப்புக்குப் போனபோது, அண்ணன் மனுவோடு வந்திருந்தார்.

“அந்தம்மாவுக்கு ஒரு நாளாவது ஆபீஸ் நடத்தின அனுபவம் உண்டா?”

“இல்லதான். ஆபீஸ் நடத்த உன்னை விட்டா ஆளில்லண்ணா, அதை எங்க வேணும்னாலும் சொல்வேன். ஆனா அன்னைக்குப் பாதையை மூடாதது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே போடறேன்.”

“பதினஞ்சு வருஷமா ஊரைக் கட்டி மேய்ச்சவன்கிட்ட பேசற பேச்சா இது?”

அக்கா காத்திருந்தார். சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்கே இருந்தது. அண்ணன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டார். மூடியைப் போட்டு, அதை அண்ணனின் சட்டைப் பையில் திரும்பச் செருகினார். கசங்கியிருந்த பையை உள்ளங்கையால் நீவிவிட்டார். அந்தக் கையை எடுக்க அவருக்கு வெகு நேரம் மனம் வரவில்லை.