கோணிப்போன ஸ்கோப்

ஆர்டித் முல்வேனியின் துப்பாக்கியில் குறிபார்க்கிற தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், ஒருநாளும் கோணியதில்லை. வயலின் அந்தக் கோடியில் அணில் தலையைத் தூக்கினால் இந்தக் கோடியிலிருந்து அடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை யார் வீட்டு வாசலிலாவது வண்டியை நிறுத்தி, "என் ஸ்கோப் கோணிப்போச்சு. உன் துப்பாக்கியக் கொஞ்ச நாளைக்குக் குடேன்" என்பாள். வாங்கிக்கொண்டு போய்த் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். எதற்கு என்று இதுவரை ஒருத்தன் கேட்டது கிடையாது.

பெண்டாட்டி விட்டுப் போனவன், ஆலங்கட்டி மழையில் மொத்தக் கோதுமையையும் பறிகொடுத்தவன், குடியை விட்டுவிட்டுத் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடப்பவன், இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குத்தான் போவாள். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் ஜாதி இல்லை. துப்பாக்கி மட்டும் எல்லார் வீட்டிலும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும். ஆர்டித்தின் தம்பி லைல் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அவனை அடக்கம் செய்த வருஷத்திலிருந்துதான் அவள் ஸ்கோப் கோண ஆரம்பித்தது.

தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுவது அவள் வேலை. அறுவடைக் காலத்தில் மாவட்டம் முழுக்க அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். யார் முகம் எப்படி இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடுவாள். ஆறுதலாக நாலு வார்த்தை பேசவெல்லாம் வராது, வாயைத் திறந்தால் வசவுதான். ஆள் தேறிய பிறகு துப்பாக்கியைக் கொண்டுவந்து, "ஸ்கோப் சரியாயிடுச்சு, இந்தா" என்று திருப்பித் தருவாள். என்னுடையதும் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அலமாரியில் இருந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

புதுச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் துப்பாக்கிக் கழகத்தின் கூட்டம் நடந்தது. விவசாயிகள் சங்கக் கூடத்தில் உட்கார இடமில்லை. மலைக்கு அந்தப் பக்கம், மழையிலும் காப்பியிலும் ஊறிக்கிடக்கிற நகரத்துக்காரர்கள் போட்ட சட்டம் என்று எல்லாருக்கும் எரிச்சல். கழகத் தலைவர் மெர்ல் ஸ்ட்ரவுட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். பத்துக் குண்டுக்கு மேல் கொள்ளுகிற தோட்டாப்பெட்டி கூடாது. புதிதாக வாங்குவதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

"பூட்டி வைக்கணுமா? திருடன் வந்தா சாவியத் தேடுற வரைக்கும் உக்காருப்பா, காப்பி குடின்னு சொல்லணுமா?" என்றான் ஒருவன்.

"நான் பக்கத்து மாநிலத்துக்கே குடி போயிடறேன்!"

"நீயா? பக்கத்து வீட்டுக்கே நீ போகமாட்டே, உக்காருய்யா."

சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிரே இல்லை. முப்பது வருஷமாக ஒரு வம்பு வழக்குக்கும் போகாத மனுஷர்களுக்கு, நாளைக் காலையில் எழுந்தால் தாங்கள் குற்றவாளியாக இருப்போமோ என்று பயம். தோட்டாப்பெட்டிக்காக ஒரு மணிநேரம் கத்தினோம். எங்களைத் தலைகீழாகப் புரட்டப்போகிற வரி கடைசியில் இருந்தது. அதை மெர்ல் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தார்.

"உரிமம் பெற்ற கடை வழியாக அன்றி, ஒருவர் துப்பாக்கியை மற்றொருவர் வசம் ஒப்படைப்பதும், பெற்று வைத்திருப்பதும் குற்றம்."

படித்துவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் ஆர்டித் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு எல்லாரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதுதான் பளிச்சென்று தெரிந்தது.

ஷெரிஃப் போலீஸ் ஆபீஸிலிருந்து விளக்கம் சொல்ல வந்திருந்தவன் டேட் காரிகன். எங்கள் ஊர்ப் பையன்தான். பின்வரிசையிலிருந்து ஆர்டித் எழுந்தாள்.

"டேட், ஸ்கோப் கோணிப்போனா என்ன பண்றது?"

அவன் காது வரைக்கும் சிவந்துபோனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் துப்பாக்கியும் அவள் அலமாரியில் இருந்திருக்கிறது.

"கடை வழியா மாத்திக்கலாம், ஆர்டித். ரெண்டு பேரும் டவுனுக்கு நேர்ல போகணும். எதுக்குக் கை மாறுதுன்னு கேப்பாங்க, சொல்லணும்."

"எவன்டா சொல்லுவான்?"

"தெரியும்" என்றான் டேட். "திருப்பிக் குடுக்கறதுக்கு மட்டும் நாளைக்கு ஒரு நாள் கண்டுக்கமாட்டோம். ஆனா புதுசா எதையும் வாங்கி வைக்காதீங்க. மாட்டினா உங்க துப்பாக்கியும் போயிடும், எடைமேடை வேலையும் போயிடும். என்னால தடுக்க முடியாது."

ஒரு ஊரே மூச்சுக் காட்டாமல் செய்துவந்த நல்ல காரியத்துக்கு ஒரே வரியில் விலங்கு மாட்டிவிட்டார்கள். எழுதினவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. எங்களில் எவனாவது முன்னாலேயே அவனிடம் சொன்னானா? அதுவும் இல்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில்தானே எங்களுக்குப் பெருமை.

அப்போதுதான் ரோலி ஹாகன் எழுந்தான். வசந்தகாலத்தில் அவன் மகன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். அதிலிருந்து ரோலி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, அவனுடைய இரண்டு துப்பாக்கிகளும் ஆர்டித்தின் அலமாரியில்தான். முகத்தில் சதையே இல்லை.

"ஆர்டித், காலையில வந்து என்னோடத எடுத்துக்கறேன். என்னால நீ மாட்ட வேண்டாம்."

இத்தனை பேர் முன்னால், இத்தனை வருஷத்தில், ஒருத்தன் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. மெர்ல் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் ஆர்டித் என் சட்டையைப் பிடித்தாள். "காலையில நீயும் வா. அவன்கிட்ட அந்த ரெண்டையும் குடுத்துட்டு நான் தனியா நிக்கமாட்டேன்."

போனேன். ரோலியின் வண்டி எனக்கு முன்பே வாசலில் நின்றது. சமையலறை மேஜையில் அவனுடைய இரண்டு துப்பாக்கிகளையும் ஆர்டித் வைத்திருந்தாள். ரோலி ஒன்றை எடுத்தான். எடுத்ததுமே அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

"போல்ட் எங்க?"

குண்டைத் தள்ளி அடைக்கிற இரும்புத் தண்டு அது. அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் குழாய். ஆர்டித் தன் கோட்டுப் பையைத் தட்டினாள். உள்ளே இரும்பு கிணுகிணுத்தது.

"போல்ட் துப்பாக்கி இல்ல. ராத்திரியே டேட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். சட்டத்துக்கு அது வெறும் இரும்புத் துண்டு. சட்டம் கேட்டது துப்பாக்கிய. எடுத்துட்டுப் போ."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நகரத்துக்காரர்கள் அத்தனை பேரையும் இவள் ஒருத்தி பையில் போட்டுக்கொண்டாள் என்று எனக்கு ஒரே குஷி. ரோலி சிரிக்கவில்லை. துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வண்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் என்று காத்திருந்தோம், கிளம்பவில்லை.

திரும்பி வந்தான். கையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. மேஜையில் வைத்துத் துணியைப் பிரித்தான். ஒரு ரிவால்வர். ஆறு அறையிலும் குண்டு.

"இது மகனோடது. என் வண்டியிலேயே இருந்துச்சு" என்றான். "வசந்தத்துலேர்ந்து."

ஆர்டித்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுடைய இரண்டையும் பூட்டிவிட்டோம், இனி பயமில்லை என்று இத்தனை மாதமும் அவளும் நானும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அவன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடைமேடை ஏறி, அவள் ஜன்னலைத் தாண்டி, கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"இதுக்குக் கழட்டறதுக்குப் போல்ட் கிடையாது" என்றான் ரோலி. "இதுல ஸ்கோப்பும் கிடையாது, ஆர்டித். ஆனா கோணிப்போச்சு. எனக்கு ரொம்பக் கோணிப்போச்சு."

"ஆர்டித், இன்னிலேர்ந்து சட்டம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. அவளுக்காகப் பயந்தேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குண்டுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து மாவுக் கிண்ணத்தில் போட்டாள். ரிவால்வரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்ட பிறகுதான் என்னிடம் கேட்டாள்.

"நீ என்ன பார்த்தே?"

"ஒண்ணும் பாக்கல. மழை வருமான்னு ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தேன்."

வெளியே வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"உக்காருடா தடியா" என்று ரோலியைத் திட்டினாள். "முட்டை போடறேன், தின்னுட்டுப் போ." அவன் உட்கார்ந்தான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அவள் தோள் குலுங்குவதை நாங்கள் இருவரும் பார்த்தோம். பார்க்காதது மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.