இனஃப் என்ற பிறகும் ஒரு கரண்டி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவர். மறுபடி எழுதித் தேறினால் அரியலூரில் சர்க்கார் ஆபீஸ் வேலை என்று யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. கல்லங்குறிச்சிக்குப் பக்கத்து ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டை ஒட்டிய கதிரடிக்கும் களத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். செந்துறையிலிருந்து வண்டி கட்டிக் கூட்டிவந்து ஒரு பைத்தியத்தின் தலையில் கட்டிவிட்டார்களே என்று எனக்கு அப்பா மேல் அப்படியொரு கோபம் வந்தது.

அப்போதெல்லாம் எங்கள் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் பெரியவர்கள் எதிரில் பேசிக்கொள்ளக் கூடாது. அவருக்குப் பசித்தால் தன் அம்மாவிடம் சொல்வார். அத்தை என்னிடம் சொல்வார்கள். குழம்பில் உப்புப் போதுமா என்று எனக்குத் தெரிய வேண்டுமென்றால் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். நாலு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இவ்வளவு சுற்றிப் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே எனக்கு வாய் அதிகம்.

அவர் இங்கிலீஷ் சொற்களை வால் பார்த்துப் பிரித்து மனப்பாடம் செய்வார். ஒரே எழுத்துகளில் முடிகிறவை எல்லாம் ஒரு கூட்டம். அவரை அதிகம் படுத்திய கூட்டம் ஓ, யூ, ஜி, எச் என்ற நாலு எழுத்தும் வரும் கூட்டம். “காஃப், இருமல். ப்ளவ், ஏர். ரஃப், சொரசொரப்பு. டஃப், கெட்டி. தோ, ஆனாலும்.” நாலு எழுத்தும் அதேதான், சத்தம் மட்டும் ஆளுக்கொன்று. “எல்லாம் பங்காளிங்க. கும்புடுற சாமி ஒண்ணு, ஆனா ஒருத்தனுக்கொருத்தன் பேச்சு வார்த்தை கெடையாது” என்று தன் அப்பாவிடம் அலுத்துக்கொள்வார். நான் உள்ளே கடலை உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கு முன்னால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் டஃப் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அடுத்தது வரவில்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “தோ, ஆனாலும்!” என்று அடுப்படியிலிருந்து கத்திவிட்டேன்.

“என்னாடி ஒளர்றே?” என்றார்கள் அத்தை.

“ஒண்ணுமில்லங்க அத்தை, பூனையை வெரட்டுனேன்” என்றேன். வெளியே அவர் விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. கல்யாணமானதிலிருந்து பகல் வெளிச்சத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் எங்களுக்கு வேலைக்காரனாகிவிட்டது. மாமா கோபமாக இருந்தால் நான் பாத்திரம் கழுவியபடியே “ரஃப்” என்பேன். அவர் அந்தப் பக்கமே வர மாட்டார். அத்தை செய்த அதிரசம் பல்லை உடைத்தால் அவர் “டஃப்” என்பார். மகன் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அத்தைக்கு ஒரே பெருமை. நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இனஃப். சோறு போடும்போது இலைக்கு மேல் கையை நீட்டி “இனஃப்” என்பார். போதும் என்று அர்த்தம். நான் கேட்காத மாதிரி அந்தக் கையை ஒதுக்கி இன்னும் ஒரு கரண்டி போடுவேன். அது வரகுச் சோறுதான், நெல்லுச் சோறு எங்களுக்கு விசேஷ நாளில்தான். அந்த ஒரு கரண்டியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

ஐப்பசி மழையில் அவருக்கு இருமல் வந்தது. “பங்காளி வந்துட்டாண்டி” என்று என்னிடம் ரகசியமாகச் சிரித்தார். தை மாதத்தில் துண்டில் ரத்தம் பார்த்தோம். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு மாமாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். எலும்புருக்கி. அன்றைக்கே அவருடைய பாயும் செம்பும் கிணற்றடிக் கொட்டகைக்குப் போயின. பின்னாலேயே நானும் புறப்பட்டேன். அத்தை வாசலில் மறித்து நின்றார்கள்.

“நீயும் படுத்துட்டீன்னா ஒங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது? கஞ்சி கொண்டுபோயி ஊத்திட்டு வா. படலைத் தாண்டக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன்.

கொட்டகையைச் சுற்றி மூங்கில் படல். அவர் கலயத்தை நகர்த்தி வைப்பார். படலுக்கு இந்தப் பக்கம் நின்று, கரண்டி கலயத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவேன். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும் ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதால் அங்கேயும் வாய்விட்டுப் பேச முடியாது. “இனஃப்” என்பார். இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவேன். மெலிந்துபோன முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் மெலியவில்லை. மாசியில் குரல் அடைத்துப்போயிற்று. பிறகு கலயத்தின் மேல் கையை மட்டும் நீட்டுவார். நான் ஊற்றுவேன். பிடிவாதமாக ஊற்றுவேன். அந்த ஒரு கரண்டி உள்ளே போகிறவரை அவர் எங்கேயும் போய்விட மாட்டார் என்று நம்பினேன்.

பங்குனியில் ஒரு நாள் காலை கஞ்சிச் சட்டியோடு கிளம்பினேன். அத்தை எதிரே வந்தார்கள். சட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தார் மாமா. எழுத ஆள் இல்லை.

காரியம் முடிந்ததும் அப்பா வண்டியோடு வந்தார். வருஷப் படையல் முடியட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தையும் என்னைப் போகச் சொல்லவில்லை.

படையலன்று நெல்லுச் சோறு ஆக்கினோம். விளக்குக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, கூட்டும் பொரியலும் வடையும் வைத்து, நான் சோற்றைப் போட ஆரம்பித்தேன். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இலைக்கு மேல் கை நீளும் என்று பார்த்துக்கொண்டே போட்டேன். சோறு குவிந்து வடை மேல் சரிந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

“போதும் ஆயி. அவனுக்குப் போதும்.”

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். “போதும்னு சொன்னப்புறம் எப்பவும் ஒரு கரண்டி போடுவேங்க, அத்தை” என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார்கள். பிறகு கையை விட்டார்கள். போட்டேன்.