கேக்கில் வந்த அக்கா

எங்கள் கேக் கடையில் கிரீமால் வாழ்த்து எழுதுகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒண்ணுமில்ல’. ஏன் சாப்பிடவில்லை? ஒண்ணுமில்ல. கண் ஏன் வீங்கியிருக்கிறது? ஒண்ணுமில்ல. இந்தச் சின்ன வயதில் அப்படி என்னதான் இல்லையோ என்று, பில் போடுகிற நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அம்மா அப்பா இல்லாத அவளை வளர்த்தது அக்காதான். அக்கா வேலை மாற்றலாகி வெளியூர் போனதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை, பசியில்லை, காலையில் எழுந்திருக்கவே மனமில்லை. சத்துக் குறைவு என்று தானே முடிவுகட்டி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். அக்கா போன் செய்தால் மட்டும், “நான் ஜம்முனு இருக்கேன்க்கா!” கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஓய்வு பெறுகிற மேனேஜர் ஒருவருக்கு கேக். ‘சென்று வருக ஐயா’ என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். வாங்க வந்தவர் டப்பாவைத் திறந்தார். முத்து முத்தான எழுத்தில் இருந்தது: ‘போகாதே அக்கா’.

“ஏங்க, எங்க மேனேஜருக்கு இவ்ளோ பெரிய மீசை. அவரையா அக்காங்கறீங்க?”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கேக் சுடுகிற மாஸ்டரும் சிரித்தார். அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுகை வந்துவிட்டது.

“இதை எழுதினதே எனக்குத் தெரியலண்ணே. அவ இல்லாம முடியல.”

மாஸ்டர் வேறு கேக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். “இதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு” என்றேன் நான்.

“வேணாண்ணே. வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. என்னால அவ பொழப்பு கெடணுமா?”

“அதை அவ முடிவு பண்ணட்டும். நீ மறைக்காதே.”

வெகுநேரம் கையைப் பிசைந்துவிட்டு அனுப்பினாள். பதிலே வரவில்லை. சாயங்காலம்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பச் சொன்ன நான் இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டேன்.

அப்புறம் கடை போன் அடித்தது. அரைக் கிலோ கேக் வேண்டுமாம்.

“என்ன எழுதணும்ங்க?”

“‘நானும் இங்க அழுதுகிட்டுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போவோம். அக்கா.’”

“இவ்வளவும் அரைக் கிலோவுல அடங்காதுங்க.”

“அப்ப ஒரு கிலோவாப் போடுங்க. என் தங்கச்சியே எழுதட்டும்.”

அவளிடம் சொன்னேன். எழுதினாள். எழுத்தெல்லாம் கோணல்மாணல். மாஸ்டர் திட்டவில்லை, மூக்கைத்தான் உறிஞ்சினார்.

“என்னம்மா ஆச்சு?” என்றேன், வழக்கம்போல.

அவள் கிரீம் பையைக் கீழே வைத்தாள்.

“நிறைய இருக்குண்ணே. உக்காருங்க, சொல்றேன்.”