கிரிவலத்தில் விழுந்தேன் என்று சொன்னேன்

அண்ணாமலையாரை நம்புகிறவர்கள் கூடியிருக்கும்போது அவர் செய்த நல்லதை முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். என்னால் அது முடியவில்லை. நான் அவர் பெயரை வைத்து ஒரு பொய் சொன்னேன். அதைச் சொன்னால்தான் மற்றதும் புரியும்.

என் பெயர் கஸ்தூரி. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். பதினோரு வருஷம் திருவண்ணாமலையில் சித்தாள் வேலை பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆனி மாதம், செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை. தலையில் கலவைச் சட்டியோடு சாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். பலகை புரண்டது. முதல் மாடி உயரத்திலிருந்து விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்தது. வலி தெரிவதற்கு முன்னால், புடவை விலகியிருக்கிறதே என்று இழுத்து மூடினேன்.

ஏழுமலை மேஸ்திரிதான் என்னை ஆட்டோவில் ஏற்றினார். எங்கள் ஊர்க்காரர், எனக்கு இத்தனை வருஷம் வேலை கொடுத்தவர். போகும் வழியிலேயே சொல்லிக்கொடுத்தார்.

"சைட்ல விழுந்தேன்னு சொல்லாதம்மா. போலீஸ் கேஸ் ஆயிடும். வேலை நின்னுடும், பத்து குடும்பம் தெருவுக்கு வந்துடும். கிரிவலம் போறப்ப கால் தடுக்கி பள்ளத்துல விழுந்துட்டேன்னு சொல்லிடு. செலவெல்லாம் பாத்துக்கறேன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

மலையைச் சுற்றும்போது விழுந்தால் யார் மேல் கேஸ் போட முடியும்? சாமி மேலா போடுவார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அப்படியே சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார்.

முதல் வாரம் மருந்து வாங்கிக் கொடுத்த காண்ட்ராக்டர் பிறகு போனை எடுக்கவில்லை. மேஸ்திரி நேரில் போய்க் கேட்டதற்கு, "அந்தம்மா கிரிவலத்துல விழுந்ததுக்கு நான் இன்னா பண்றது?" என்றாராம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

எலும்பு கோணலாகக் கூடியது. இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார்கள். அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும், கூட ஒருவர் மாசக்கணக்கில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சேகர் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவர்தான் என்னைக் குளிக்கத் தூக்கிக்கொண்டு போவார். "கல்யாணத்தன்னைக்கே தூக்கச் சொல்லியிருந்தா வெயிட்டு கம்மியா இருந்திருப்ப," என்பார். சிரிப்பேன். அவர் வேலைக்குப் போனதும் அழுவேன்.

பக்கத்து வீட்டு வள்ளியக்கா தினமும் கஞ்சி கொண்டுவருவாள். நான் கிரிவலத்தில் அடிபட்டேன் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். ஒரு நாள் என் காலைப் பார்த்து அவளுக்கு மனசு தாங்கவில்லை. எங்கள் வாசலில் நின்றால் மலை தெரியும். அதைப் பார்த்து, "உன்னைச் சுத்த வந்தவளையே இப்படிப் போட்டுட்டியே, உனக்குக் கண்ணு இருக்குதா?" என்று திட்டினாள்.

எனக்கு உயிரே போனது மாதிரி ஆகிவிட்டது. பொய் சொன்னவள் நான், திட்டு வாங்கியவர் அவர். அவள் போனதும் படுத்தபடியே மலையைப் பார்த்துக் கையெடுத்தேன். "அப்பா, நான் காலைக் கேக்கல. உம்மேல நான் போட்ட பழியை நானே எடுக்கணும். அதுக்கு ஒரு வழியக் காட்டு." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை காலைக் காட்டப் போனபோது அதே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "சார், நான் கிரிவலத்துல விழல. கட்டட வேலைல விழுந்தேன்."

அவர் கோபப்படவில்லை. பழைய தாள்களைப் புரட்டினார். முதல் நாள் தாளில், கழுத்திலும் கையிலும் ஈர சிமெண்ட் ஒட்டியிருந்தது என்று அவரே எழுதியிருந்தார். "கிரிவலப் பாதைல ஏதும்மா கலவைன்னு அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பொய் சொன்ன அதே தாளில், அதே நேரத்தில், அண்ணாமலையார் உண்மையையும் எழுத வைத்திருக்கிறார்.

கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு அந்த டாக்டரே வழி சொன்னார். சேகர் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்.

"வேலை செய்யிற இடத்துல அடிபட்டா நஷ்டஈடு கேக்கறது உங்க உரிமைம்மா. வேலைக்கு எடுத்த ஆர்டர் கையில இல்லேன்னாலும் கேக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட மனு போடணும். இந்த மையத்துல பொம்பளைங்களுக்கு வக்கீல் ஃபீஸ் கிடையாது. கூட வேலை செஞ்சவங்க சாட்சி சொன்னா இன்னும் நல்லது."

கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு ஒரு திட்டும் விழுந்தது. அது இருந்திருந்தால் தனியாக ஒரு உதவி கேட்டிருக்கலாமாம். சட்டம் என்பது கட்டடம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான், கல் சுமக்கிறவர்களுக்கு இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "அண்ணே, நான் உள்ளதைச் சொல்லப் போறேன். உங்களுக்குக் கஷ்டம் வந்தா மன்னிச்சுக்கங்க," என்றேன். உடனே போனை வைத்துவிட்டார்.

மனு போட்டோம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை நாளில் காண்ட்ராக்டரின் வக்கீல் என்னைக் கேட்டார்: "ஆஸ்பத்திரில சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னதுதாங்க பொய்," என்றேன். "காலுதான் போச்சு, வேலையாவது இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஏழுமலை மேஸ்திரி எழுந்து நின்றார். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. "அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நான்தாங்க. என் சாரத்துல இருந்துதான் இந்தம்மா விழுந்துச்சு," என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நஷ்டஈட்டுப் பணத்தில் அடுப்பு எரிய, சேகர் கூடவே இருக்க, சென்னையில் ஆபரேஷன் ஆனது. இப்போது கோலூன்றி நடக்கிறேன். சாரம் ஏற முடியாது. வீட்டிலேயே சமைத்து வேலையாட்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். மேஸ்திரியை அந்தக் காண்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். வேறு இடத்தில் வேலை செய்கிறார், என்னிடம்தான் சாப்பிடுகிறார். வள்ளியக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "என்னையும் பாவத்துல இழுத்து விட்டுட்டியேடி," என்று ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே போய்ச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள்.

கல்லும் மண்ணும் சுமக்கிற என் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அடிபட்டுப் போனால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது எங்கே விழுந்தாய் என்றுதான். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. வேலை செய்த இடத்தைச் சொல்லுங்கள். பொய் சொன்ன என்னையே கைவிடாதவர், உண்மை சொல்கிற உங்களையா விட்டுவிடப் போகிறார்?