அப்பா உட்காராத ஞாயிறுகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா உட்காருவதை நிறுத்திவிட்டார். அடுப்படி மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் அவருக்கு நாள் முழுக்க நாற்காலி வேலை. அங்கே எப்படிச் சமாளித்தார் என்று தெரியாது. கோவிலில் சமாளித்த விதத்தை ஊரே பார்த்தது. எங்கள் போதகர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிக்கிறவர் இல்லை. சபையார் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கடைசித் தூணருகே கைகட்டி நின்றார். மூன்றாவது ஞாயிறு, "உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு பக்தி!" என்று பெண்கள் வந்து சொன்னதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

உண்மை ஒரு காலையில் தெரிந்தது. பள்ளிக்கு நேரமாகிறது என்று கக்கூஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்பா வெளியே வந்ததும் உள்ளே ஓடினேன். அவர் ஊற்றிய தண்ணீர் போதவில்லை. வெள்ளைப் பீங்கானில் பளிச்சென்று ரத்தச் சொட்டுகள். நான் போட்ட சத்தத்துக்கு ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"ஏளா, யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்ட சொல்லவே கூடாது, என்ன?"

"செத்துப் போயிருவீங்களாப்பா?"

"சீ, கிறுக்கி" என்றார். ஆனால் முகம் சரியில்லை. அவருடைய அப்பா குடலில் புற்றுநோய் வந்து இறந்தவர். அதுவும் முதலில் ரத்தமாகத்தான் தலைகாட்டியது. அது எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் டாக்டரிடம் போகவில்லை. பெரியவர்களின் தைரியம் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் நான் மூச்சுவிடவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை.

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நடத்தப் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்திருந்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒவ்வொருவராகத் தங்கள் குறையை ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மகனின் பரீட்சைக்குக் கேட்டார், ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு. என் முறை வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதானே அப்பா சொன்னார், அதில் ஆண்டவர் சேர மாட்டார் என்று முடிவுசெய்தேன். மற்றவர்கள்தான் கண்ணை மூடியிருக்கிறார்களே.

"ஆண்டவரே, எங்க அப்பாவுக்கு ஆய் போகும்போது ரத்தம் வருது. உக்கார முடியல. சாகாம பாத்துக்கிடும்."

நான் கண்ணைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் திறந்திருந்தார்கள். கதவோரம் நின்ற அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் கப்பலேறியவர் வேறு எதைப் பார்ப்பார்?

முதலில் பேசியவர் உபதேசியார்தான். "ஏன் தம்பி, ரத்தம் நல்ல செவப்பா, கடைசில சொட்டுதா? அரிப்பு இருக்கா? கழுவும்போது கையில சின்னதா சதை தட்டுப்படுதா?"

அப்பா ஒவ்வொன்றுக்கும் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப மூலமாத்தான் இருக்கும். எனக்குப் பத்து வருசமா இருக்கே!"

"எனக்குக் கடைசிப் பிள்ளையப் பெத்தப்ப வந்துச்சு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. மகனின் பரீட்சைக்கு ஜெபித்தவர் தனக்கும் உண்டு என்று மெல்ல ஒத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஒன்றாக ஜெபித்தவர்கள் இந்தக் குறையை மட்டும் ஆண்டவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அப்பாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "உங்க அப்பாவுக்கும் ரத்தந்தான வந்துச்சு? மூலம்னு நாமளா முடிவு கட்ட வேண்டாம். காலைல டாக்டர்ட்ட போறோம்" என்றாள்.

பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து நானும் போனேன். டாக்டர் சோதித்துப் பார்த்தார். தாத்தாவின் கதையைக் கேட்டதும், எதற்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். அந்த நான்கு நாளும் அம்மா அப்பாவைத் திட்டவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

குழாய் விட்டுப் பார்த்த அன்றைக்கு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "குடல் நல்லா இருக்கு. மூலந்தான், வேற ஒண்ணுமில்ல. நிறையத் தண்ணி குடிங்க, காய்கறி, பழம் சாப்பிடுங்க, முக்காதீங்க. மருந்து தாரேன்" என்றார்.

"மூலந்தானா டாக்டர்? மூலந்தானா?" என்று அப்பா, பரிசு விழுந்தவர்போலத் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழுதாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ரத்தம் நிற்கவில்லை, வலி போகவில்லை, வியாதி இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். "இன்னும் சரியாவே இல்லையே, அதுக்குள்ள எதுக்கு ஸ்தோத்திரம்?" என்று கேட்டேன். அவர்கள் அழுகையும் சிரிப்புமாக என்னை இழுத்து நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார், அதைக்கூடக் கவனிக்காமல் இப்படிச் சந்தோஷப்படுகிறார்களே என்று நான் அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.