புத்தூர் பாழடைந்த பங்களாவில் பாடியவர்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் காலேஜ் தோழி ஸ்டெல்லாவையும் அவள் கணவர் மோகனையும் பார்த்தேன். அவர்கள் முதன்முதலில் சந்தித்த இடத்தில் நானும் இருந்தேன், சிக்கிய காலோடு!

எண்பதுகளின் தொடக்கம். புத்தூரில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவுக்குள் நானும் ஸ்டெல்லாவும் உடைந்த ஜன்னல் வழியாக நுழைந்தோம். உள்ளே ஒரே வௌவால் நாற்றம். நான் மாடி ஏறும்போது மரப்படி முறிந்து, முட்டிவரை கால் உள்ளே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து யாரோ பாடும் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

ஸ்டெல்லாதான் கத்தினாள்: “பேயா இருந்தாலும் பரவாயில்ல, கொஞ்சம் வந்து கைகொடுங்க!”

வந்தவர் மோகன். வீட்டில் பாடினால் அப்பா திட்டுவார் என்று அங்கே வந்து பாடிப் பழகுகிறவர். இருவரும் சேர்ந்து என்னை வெளியே இழுத்தார்கள். பிறகு காதல்; சர்ச்சுக்குப் போகும் அவள் வீட்டுக்கும் கோயிலுக்குப் போகும் அவர் வீட்டுக்கும் நடுவில் பெரிய சண்டையெல்லாம் நடந்து, கல்யாணம்.

“அன்னைக்கு உங்க கால் மாட்டலேன்னா நான் தப்பிச்சிருப்பேங்க,” என்றார் மோகன் இன்று.

“உதவிக்கா கூப்பிட்டேன்? பாட்டு நிக்கட்டும்னு கூப்பிட்டேன்,” என்றாள் ஸ்டெல்லா.

பஸ்ஸே சிரித்தது. இதைவிட மோசமான இடத்தில் ஜோடி சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.